லகரம்

குலசேகரம் சந்தைமுக்கில்
மாடிப்படிக்கு மேலே
நீலத் தகரம், வெள்ளை எழுத்து:
'ஏசுவடியான்
சட்டமன்ற உறுப்பினர்.'
அதில் ஒரு 'முன்னாள்' சேர்க்க
என்னைக் கூப்பிட்டுவிட்டிருக்கிறார்கள்
உம் கட்சிக்காரர்கள்.

இடமில்லை.
விளிம்புக்கு விளிம்பு முட்டி நிற்கிறது
பதினைந்து வருஷத்துப் பதவி.

ஏணியில் நின்றே சொல்லிவிடுகிறேன்:
மூன்று தேர்தலிலும்
உமக்கு எதிராகச் சுவர் எழுதினவன் நான்.
என் ஓட்டு ஒருதரமும் உமக்கு விழுந்ததில்லை.
நேற்றுப் பிரிவுபசாரக் கூட்டத்தில்
மலை என்றார்கள் உம்மை, கடல் என்றார்கள்.
பின்வரிசையில் சுக்குக்காப்பி குடித்தபடி கேட்டேன்.
மலைக்கும் கடலுக்குமா
இந்த ஜில்லாவில் பஞ்சம்?

எனக்குத் தெரிந்தவர் வேறே ஆள்.

அந்த ஆனி மழையில்
ஈத்தவிளைக் கடவில் தோணி கவிழ்ந்து
பால்வெட்டிவிட்டு வந்த நாலு பெண்கள்
வேரைப் பிடித்துக் கரையேறின ராத்திரி,
உம் வாசலுக்கு எதிர்ச்சுவரில்
ஆளுயரத்துக்கு எழுதினேன்:
'பாளம் எங்கே ஏசுவடியானே?'

எழுதி முடிக்கும்போது
மலைச்சரிவு ரப்பர்மரங்களுக்கு இடையே
நெற்றிவிளக்குகள் நடக்கத் தொடங்கியிருந்தன.
சென்னை ரயிலில் இறங்கி
முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தீர்,
அக்குளில் ஃபைல், கையில் பை.
ஓட நினைத்தேன், கால் வரவில்லை.
நின்று வாசித்தீர்.
"லகரம் தப்பு, மக்கா.
பாளம்னா இரும்புக் கட்டியாக்கும்.
திட்டுகதத் தெளிவாத் திட்டு."
பெயிண்ட் தீர்ந்துபோச்சு என்றேன்.
ஐம்பது ரூபாய் தந்தீர்.

திருத்தினேன்.
அழிக்கச் சொல்லி ஒரு ஆளும் வரவில்லை.
கதவு திறக்கும் ஒவ்வொரு காலையும்
அதன் முகத்தில் விழித்தீர்.

அவைக்குறிப்பில்
பதினாறு இடத்தில் எங்கள் கடவின் பெயர்.
பதினாறுக்கும் ஒரே பதில்:
'அரசின் பரிசீலனையில் உள்ளது.'
எங்கள் ஆட்சியில் எட்டு,
உங்கள் ஆட்சியிலும் எட்டு.
சொந்த அமைச்சருக்கு எதிரே நீர் எழுந்தபோது
கொறடா சட்டையைப் பிடித்து இழுத்தாராம்.
பித்தான் தெறித்த சட்டையோடு
கேள்வியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தீராம்.
இதை என்னிடம் சொன்னது
எங்கள் கட்சி உறுப்பினர்.
சொல்லிவிட்டு அவர்
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

பாலம் வந்தது.
ஆட்டோ போகும், லாரி போகாது.
கல்வெட்டில் உம் பெயர் ஐந்தாவது,
சிமென்ட் தெறித்துப் பாதி மூடியிருக்கிறது.
சுவரில் என் கேள்வியை நான் அழிக்கவில்லை,
இரண்டு மழை பார்த்துக்கொண்டது.

வராததும் உண்டு.
ரப்பருக்கு விலை நிற்கவில்லை.
சானலின் கடைசி வயலில்
இன்றைக்கும் புல்தான் விளைகிறது.
இதைச் சொல்லாமல் ஏணி இறங்கினால்
நான் என்ன எதிர்க்கட்சி?

குடையை மடக்கியபடி
படியடியில் வந்து நிற்கிறீர்.
"முன்னாளும் வேண்டாம் இன்னாளும் வேண்டாம்,
எல்லாத்தையும் சுரண்டு மக்கா.
நான் சொல்லுகத எழுது:
மனுக்கள் இலவசமாக எழுதித் தரப்படும்."

பெயர்?

"பேரு எதுக்கு?
நேரம் போடு. காலை பத்து மணி."

சுரண்டினேன்.
உம் பெயர் கடைசிவரை இழுபறி செய்தது,
பழைய எனாமல், லேசில் விடாது.
நீலம் பூசி, காய விட்டு,
'மனுக்கள்' எழுதி
'இலவச'த்துக்கு வந்தபோது
கை தானாக நின்றது.
கீழே குனிந்து பார்த்தேன்.
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்,
உதட்டோரம் ஒரு சிரிப்பு.

சரியான லகரம்தான் போட்டேன்.

நாளை திரும்ப நின்றாலும்
என் ஓட்டு உமக்கில்லை, ஓய்.
ஆனால் பத்து மணிக்கு வருவேன்.
எங்கள் தெருவிளக்கு
மூன்று மாசமாக எரியவில்லை.